முதலாளி என்னும் தந்தை

எல்ஜி குழுமத்தின் தலைவராக இருந்த கூ பொன் மூவுக்கு ஒரே மகன். அந்த மகன் 1994இல் இறந்துபோனார். பெண் வாரிசு உண்டு. ஆனால் குழுமத்தின் தலைமை மூத்த ஆண்வழியில்தான் இறங்கிவர வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் எழுதாத சட்டம். 2004இல் கூ பொன் மூ தன் தம்பியின் மகன் கூ குவாங் மோவைத் தத்தெடுத்தார். தத்துப்பிள்ளைக்கு அப்போது வயது இருபத்தாறு. பெற்ற தகப்பனாரும் உயிரோடு இருந்தார். 2018 மே மாதம் கூ பொன் மூ மறைந்தார். அடுத்த மாதமே நாற்பது வயதுத் தத்துப்பிள்ளை, மின்சாதனம் முதல் வேதிப்பொருள்வரை செய்யும் ஒரு பெரும் குழுமத்தின் தலைவரானார். 2023இல் மறைந்தவரின் மனைவியும் இரு மகள்களும் சொத்துப் பங்கீட்டை எதிர்த்து நீதிமன்றப் படியேறினார்கள்.

பங்குச் சந்தைக்காரர்கள் இதை வாரிசுத் தகராறாகப் பார்த்தார்கள். வரலாறு படித்தவர்களுக்கு இதில் ஜோசன் அரச காலத்துச் (1392–1910) சடங்கு ஒன்று தெரிந்திருக்கும். ஆண் வாரிசு இல்லாத உயர்குடி வீட்டில், பங்காளி மகன் ஒருவனைத் தத்தெடுத்து, முன்னோருக்குப் படைக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைப்பது கொரியக் கன்பூசிய மரபின் நெறி. எல்ஜி வீட்டில் முன்னோர் பெயர்ப்பலகைகளோடு பங்குப் பத்திரங்களும் கைமாறின. செட்டிநாட்டில் பிள்ளை கூட்டும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. நகரத்தார் கன்பூசியஸைப் படித்துவிட்டு அதைச் செய்யவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

சரி, கன்பூசிய மரபில் வந்த எல்லா வணிகக் குடும்பங்களும் இப்படித்தானா? ஜப்பானுக்குப் போனால் கதை மாறுகிறது. மாருதி கார் மூலம் நமக்கு அறிமுகமான ஒசாமு சுசுகி பிறப்பால் மட்சுதா. வங்கியில் வேலை பார்த்தவர். சுசுகி நிறுவனரின் பேத்தியை மணந்து, மனைவி வீட்டுப் பெயரை ஏற்று, 1958இல் நிறுவனத்தில் சேர்ந்தார், 1978இல் தலைவரானார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்களிலும் வீட்டோடு வந்த மாப்பிள்ளைகள் உண்டு. ரத்த உறவே இல்லாத ஒருவரைத் திறமை பார்த்துத் தத்தெடுப்பது ஜப்பானிய வணிக வீடுகளில் சர்வசாதாரணம். கொரியாவில் அதைப் பரம்பரைக்குச் செய்த துரோகம் என்பார்கள்.

சீனர்களிடம் முறை வேறு. தகப்பன் சொத்து அண்ணன் தம்பிகளுக்குள் சமபங்கு. ஆகவே பெருகிய வணிகம் பிரிவதும் இயல்பு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழர் கடைகளில்கூடக் கிடைக்கும் சோயா பாலையும் செவ்வந்திப்பூ பானத்தையும் செய்யும் இயோ ஹியாப் செங், 1900இல் ஃபூஜியன் மாநிலத்தில் சோயா சாஸ் கடையாகத் தொடங்கியது. 1990களில் குடும்பத்துக்குள் எழுந்த சண்டையில் நிறுவனம் வெளியார் கைக்குப் போனது. ஹாங்காங் சமூகவியலாளர் வாங் சியு லுன் 1985இல் எழுதிய கட்டுரையில் சீனக் குடும்ப நிறுவனத்தின் ஆயுளில் சிதறலையும் ஒரு கட்டமாகவே வைத்தார்.

நூல்கள் ஒன்றே, வாரிசு முறைகளோ மூன்று. 'கன்பூசியப் பண்பாடு நிர்வாகத்தைத் தீர்மானிக்கிறது' என்ற வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும் முதல் தயக்கம் இது. இரண்டாவது தயக்கம், அந்த வாக்கியம் இதுவரை எதையெல்லாம் விளக்கப் பயன்பட்டிருக்கிறது என்பதைப் பற்றியது. 1915இல் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், சீனத்தில் நவீன முதலாளித்துவம் தானாக முளைக்காததற்குக் கன்பூசிய மனப்பாங்கு ஒரு காரணம் என்றார். 1979இல் அமெரிக்க எதிர்காலவியலாளர் ஹெர்மன் கான், தொழில்வளர்ச்சிக்கு மிகப் பொருத்தமான பண்பாடு அதுதான் என்றார். 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தபோது, உறவையும் நட்பையும் பார்த்துக் கடன் கொடுக்கும் பழக்கத்துக்கும் அதுவே காரணம் ஆயிற்று. வளராததற்கும், வளர்ந்ததற்கும், விழுந்ததற்கும் ஒரே காரணம் சொல்ல முடியுமானால் அது காரணமே அல்ல.

எண்ணால் அளக்க முயன்றவர்களும் உண்டு. ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்தாய்வுகளை வைத்து நாடுகளின் பண்பாட்டை அளந்த கீர்ட் ஹாஃப்ஸ்டீடும், ஹாங்காங்கில் பணியாற்றிய மைக்கேல் பாண்டும் சேர்ந்து 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சீன அறிஞர்களைக் கேட்டுத் தயாரித்த கேள்வித்தாளிலிருந்து 'கன்பூசிய உழைப்பு ஊக்கம்' என்றொரு அளவுகோல் பிறந்தது. விடாமுயற்சி, சிக்கனம், வெட்க உணர்வு ஆகியவை அதன் ஒரு முனை. மரபை மதிப்பது, முகத்தைக் காப்பாற்றிக்கொள்வது, பெற்ற உதவிக்குப் பதில் செய்வது ஆகியவை மறுமுனை. இரண்டு முனையிலும் கன்பூசியஸ்தான் நிற்கிறார்! அந்த அட்டவணையில் பிரேசிலுக்கு 65, இந்தியாவுக்கு 61, சிங்கப்பூருக்கு 48. பிற்காலத்தில் அந்த அளவுகோலுக்கு 'நீண்டகால நோக்கு' என்று பெயர் மாற்றியதில் ஆச்சரியமில்லை.

அந்தச் சிங்கப்பூரே பள்ளிகளில் கன்பூசிய நெறியைப் பாடமாக வைத்துப் பார்த்தது. 1980களின் தொடக்கத்தில் கோ கெங் சுவீ கல்வி அமைச்சராக இருந்தபோது, மேல்நிலை மாணவர்களுக்கான சமய அறிவுப் பாடங்களில் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது. பாடத்திட்டத்துக்கு ஆலோசனை சொல்ல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து து வெய்மிங், யூ யிங்ஷி போன்ற பேராசிரியர்களை வரவழைத்தார்கள். சீனர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் கன்பூசியஸ் விமானத்தில்தான் வந்து இறங்க வேண்டியிருந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்து சமயப் பாடம் இருந்தது; சீனப் பிள்ளைகளில் கூடுதலானவர்கள் பௌத்தத்தைத் தேர்ந்தார்கள். சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது.

இதனால் கன்பூசியத்துக்கும் நிர்வாகத்துக்கும் தொடர்பே இல்லை என்றாகிவிடாது. தொடர்பு இருக்கிறது. ஆனால் அது தாய்ப்பாலில் ஊறி வந்ததல்ல. ஒவ்வொரு காலத்திலும் முதலாளிகளும் அரசுகளும் பழைய மரபிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரிகிறது.

முதலில், விட்டது. பழைய சீனச் சமூக அடுக்கில் அறிஞர், உழவர், கைவினைஞர், வணிகர் என்று நான்கு வகுப்புகள். வணிகருக்குக் கடைசி இடம். இலாபத்தைப் பற்றியே பேசும் அரசனைக் கண்டிப்பதில்தான் கன்பூசிய அறிஞர் மென்சியஸின் நூல் தொடங்குகிறது. அவர் சொன்ன ஐந்து உறவுகளில் (தந்தை–மகன், அரசன்–அமைச்சன், கணவன்–மனைவி, மூத்தவன்–இளையவன், நண்பர்கள்) கடமை இரு பக்கமும் ஓடியது. அரசன் அரசனாக நடக்காவிட்டால் அவனை அரசனாக மதிக்க வேண்டியதில்லை என்பதுவரை மென்சியஸ் போனார். பின்னர் ஹான் அரச காலத்தில், பேரரசுக்கு ஒரு சித்தாந்தம் தேவைப்பட்டபோது, ஐந்து உறவுகள் மூன்று பிணைப்புகளாகச் சுருங்கின. அரசன், தந்தை, கணவன் மூவரும் மேலே, மற்றவர் கீழே. நண்பர்கள் பட்டியலிலிருந்தே காணாமல்போனார்கள்.

அப்படியும் எதிர்த்துப் பேசும் கடமை அழிந்துவிடவில்லை. பெற்றோருக்குரிய கடமையைச் சொல்லும் ஷியாவ்ஜிங் என்ற நூலிலேயே அதற்குத் தனி அத்தியாயம் உண்டு: தந்தை தவறான வழியில் போனால் தடுத்துச் சொல்வது மகனின் கடமை, வாய்மூடிப் பணிவது கடமை தவறுவது. கொரிய ஜோசன் அரசு இதற்கென்றே சாகன்வொன் என்ற ஓர் அலுவலகத்தை வைத்திருந்தது. அரசனைக் குறை சொல்வதுதான் அங்கே இருந்த அதிகாரிகளின் உத்தியோகம். அப்படிச் சொல்லிப் பதவி இழந்தவர்களும் நாடுகடத்தப்பட்டவர்களும் உண்டு. ஆனாலும் அலுவலகம் நெடுங்காலம் நீடித்தது. கொரியப் பெருநிறுவனம் எதிலும் சாகன்வொனுக்கு நிகராக ஒரு நாற்காலி இருந்ததாக நான் படித்ததில்லை. 1997 நெருக்கடிக்குப் பிறகு சட்டத்தின் வற்புறுத்தலால் வந்த வெளி இயக்குநர்கள் அதற்கு ஈடாக மாட்டார்கள். தலைவர் கொண்டுவரும் தீர்மானத்துக்கு அவர்கள் மறுப்புச் சொல்வது அபூர்வம்.

இனி, எடுத்துக்கொண்டது. கடைசி வகுப்பில் கிடந்த வணிகரை மேலே தூக்கிவிட்டவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் ஷிபுசாவா எயிச்சி (1840–1931). அவருக்கு முன்பே அடித்தளம் இருந்தது. 1724இல் ஒசாகா வணிகர்கள் கைக்காசு போட்டு கைதொகுடோ என்ற கல்விக்கூடத்தைத் தொடங்கி, கணக்குப்பிள்ளைகளுக்கும் கடை முதலாளிகளுக்கும் கன்பூசிய நூல்களைக் கற்பித்தார்கள். ஷிபுசாவா நீலச்சாயம் விற்ற உழவர் வீட்டில் பிறந்தவர். 1867இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போன தூதுக்குழுவில் இருந்தார். திரும்பிவந்து நிதி அமைச்சகத்தில் வேலை பார்த்து, 1873இல் அதை உதறிவிட்டு, ஜப்பானின் முதல் நவீன வங்கியை உருவாக்கினார். ஏறத்தாழ 500 நிறுவனங்களின் தொடக்கத்தில் அவர் கை இருந்தது. மிட்சுபிஷியைப் போலத் தன் குடும்பத்துக்கென்று ஒரு சாம்ராஜ்யத்தை அவர் கட்டவில்லை. 1916இல் வந்த அவருடைய உரைத்தொகுப்பின் பெயரிலேயே கன்பூசியஸின் உரையாடல் நூலும் மணிச்சட்டமும் அருகருகே நிற்கின்றன. 2024 ஜூலை முதல் 10,000 யென் தாளில் இருப்பது அவர் முகம்.

ஷிபுசாவாவை மேற்கோள் காட்டும் நிர்வாக நூல்கள் இங்கேயே நின்றுவிடும். அதே 1916இல் நடந்த இன்னொன்றை அவை சொல்வதில்லை. ஜப்பானின் முதல் தொழிற்சாலைச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டும் அதுதான். நூற்பாலைகளில் பெண்களும் சிறுமிகளும் இரவு முழுவதும் வேலை செய்த காலம் அது. அரசு அதிகாரிகள் சட்டம் கொண்டுவரப் பேசத் தொடங்கியது 1880களில், சட்டம் நிறைவேறியது 1911இல், அமலானது 1916இல். இரவு வேலைத் தடைக்கு மேலும் அவகாசம் கொடுத்து, அது நடைமுறையானது 1929இல். இத்தனை ஆண்டுகள் முதலாளிகள் எதிர்த்து நின்றபோது முன்வைத்த வாதங்களில் ஒன்று குடும்பம்தான். எங்கள் நாட்டில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே தந்தை–பிள்ளைப் பாசம் இருக்கிறது. மேல்நாட்டைப் போலச் சட்டத்தை நடுவில் நுழைத்தால் அந்தப் பாசம் கெட்டுவிடும் என்றார்கள். ஷிபுசாவாவும் தொடக்கத்தில் சட்டத்துக்கு எதிரான பக்கம் நின்று, பிறகு மாறியவர்.

பாசத்தைக் காட்டிச் சட்டத்தை நிறுத்திய அந்த உத்தி கடல் தாண்டிக் கொரியாவிலும் பலித்தது. 1961இல் ராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்த பார்க் சுங் ஹீ, ஆரம்பத்தில் கன்பூசியப் பழமையை நாட்டின் பிணி என்று திட்டியவர். 1970களில் அவருடைய அரசே நாட்டுக்கு விசுவாசமும் பெற்றோருக்குப் பணிவும் ஒன்றே என்று பரப்பியது. கிராமங்களில் தொடங்கிய சேமாவுல் (புதிய கிராமம்) இயக்கம் ஆலைகளுக்குள்ளும் வந்தது. முதலாளி தொழிலாளரைக் குடும்பத்தாராக நடத்த வேண்டும், தொழிலாளி ஆலை வேலையைச் சொந்த வேலையாக நினைக்க வேண்டும் என்பது அங்கே பாடம். 1971 டிசம்பரில் வந்த சிறப்புச் சட்டம் கூட்டுப் பேரத்தையும் வேலைநிறுத்தத்தையும் முடக்கியிருந்தது. பிள்ளையின் கடமைக்குக் காவல்துறை துணை நின்றது; தந்தையின் கடமை தந்தையின் மனசாட்சிக்கு விடப்பட்டது.

இந்த ஏற்பாடு முழு உருவம் பெறுவதற்கு முன்பே, அதன் அடிப்படையை உள்ளிருந்தே சோதித்துப் பார்த்தவர் ஒரு தையல் தொழிலாளி. ஜியோன் தே இல் 1948இல் தேகுவில் பிறந்தவர். சோல் நகரத்தின் பியோங்ஹ்வா சந்தையில் துணி வெட்டுபவர். அங்கே கடைகளுக்கு மேல் இருந்த பட்டறைகளில், இடம் போதவில்லை என்று ஓர் அறையின் உயரத்தையே பலகையால் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். நிமிர்ந்து நிற்க முடியாது. துணித்தூசு பறக்கும் அந்தப் பரணில், பதினைந்து வயதையொட்டிய உதவிச் சிறுமிகள் நாளுக்குப் பதினான்கு மணிநேரத்துக்கும் மேல் வேலை செய்தார்கள். 1953 முதலே ஒரு தொழிலாளர் சட்டம் இருக்கிறது என்பது ஜியோனுக்குத் தன் அப்பா சொல்லித்தான் தெரியவந்தது. புத்தகம் வாங்கினார். சீன எழுத்துகள் மண்டிய சட்டமொழி புரியவில்லை. கல்லூரி படித்த நண்பன் ஒருவன் இருந்திருக்கலாகாதா என்று ஏங்கினார். தொழிலாளர் ஆய்வாளரிடம் மனு கொடுத்தார், பலனில்லை.

1969இல் அவர் அதிபருக்கு ஒரு கடிதம் எழுதினார். கொரியத் தொழிலாளர் வரலாற்றில் இதைவிடக் கன்பூசியமான ஆவணம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். அதிபர் நாட்டின் தந்தை, ஆகவே எங்களுக்கும் தந்தை என்று அவர் எழுதுகிறார். வலிக்கும் இடத்தைத் தந்தையிடம் சொல்வது பிள்ளையின் கடமை. சொல்லாமல் இருந்துவிட்டுத் தந்தையை நொந்துகொள்வது முறையாகாது என்கிறார். பிறகு கோரிக்கைகள். பதினான்கு மணிநேர வேலையைப் பத்து முதல் பன்னிரண்டு மணிநேரமாகக் குறைக்க வேண்டும். மாதத்தில் இரண்டு நாள் விடுமுறைக்குப் பதில் ஞாயிறுதோறும் விடுமுறை வேண்டும். மருத்துவப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். உதவிச் சிறுமிகளின் 70 முதல் 100 வொன் கூலியைப் பாதியளவேனும் கூட்ட வேண்டும். அவ்வளவுதான். எட்டு மணிநேரம்கூட அவர் கேட்கவில்லை.

கடிதம் உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. 1970 நவம்பர் 13 அன்று, சட்டப் புத்தகத்தைத் தீயிடுவதற்காகத் திட்டமிட்ட போராட்டத்தைக் காவலர்கள் தடுத்தபோது, ஜியோன் தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டார். வயது இருபத்திரண்டு. இரண்டு வாரத்தில் அந்தச் சந்தைப் பகுதியில் தையல் தொழிலாளர் சங்கம் உருவானது. மகனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவருடைய தாய் லீ சோ சுன் அடுத்த நாற்பது ஆண்டுகளைத் தொழிலாளர் இயக்கத்திலேயே கழித்தார்.

கொரிய நிர்வாகத்தைப் பற்றிய கன்பூசிய விளக்கங்களில் ஜியோன் தே இல் பெயரை நான் அதிகம் பார்த்ததில்லை. அவற்றில் வருவது சாம்சங் நிறுவனர் லீ பியுங் சுல். 1938இல் தேகுவில் உலர்மீனும் நூடுல்ஸும் விற்கும் கடையாகத் தொடங்கியவர். ஆளெடுக்கும் நேர்காணல்களில் தானே அமர்ந்து முகம் பார்த்தவர். கன்பூசியஸின் உரையாடல் நூல்தான் தன்னை வடித்தது என்று சொன்னவர். ஊழியர்களைச் 'சாம்சங் குடும்பம்' என்று அழைத்த நிறுவனம், சங்கம் வேண்டாம் என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. சங்கத்தின் இடத்தில் நிர்வாகமும் ஊழியர்களும் சேர்ந்த ஆலோசனைக் குழுக்கள். பேரன் லீ ஜே யோங் 2020 மே 6 அன்று மக்கள் முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். சங்கமில்லா நிர்வாகம் இனி இராது என்றும், நிர்வாக உரிமையைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போவதில்லை என்றும் ஒரே உரையில் அறிவித்தார். குடும்பம் என்ற சொல்லின் இரண்டு பொருளையும் ஒரே நாளில் கைவிட நேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 9 அன்று, திருப்பெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நீடித்தது. தலையாய கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். நிர்வாகம் தொழிலாளரில் ஒரு பிரிவினர் கொண்ட குழுவோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரலாமா என்பதே ஒரு வழக்காயிற்று. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. இதற்குக் கன்பூசியஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாராக இல்லை. சங்கம் வைத்தால் வேலையைவிட்டுத் தூக்கும் முதலாளிகள் நம்மூரில் திருக்குறளைச் சுவரில் மாட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் சங்கத்துக்கு மாற்றாகக் குழு என்ற அந்த வழிமுறையின் வம்சாவளி கொரியாவில் இருக்கிறது என்று சொல்வதில் தவறில்லை.

பணிவு உயிரைக் குடிக்கும் என்பதற்குக் காட்டப்படும் சான்று ஒன்றையும் எடைபோட வேண்டும். 1997 ஆகஸ்ட் 6 அன்று கொரியன் ஏர் 801 விமானம் குவாமில் குன்றில் மோதியதில் 254 பேரில் 228 பேர் இறந்தார்கள். தலைமை விமானி தவறும்போது மற்ற இருவரும் போதிய அளவு கண்காணித்துத் தடுக்கவில்லை என்பது விசாரணை அறிக்கையின் முடிவுகளில் ஒன்று. எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் 2008இல் இதை வைத்து, மூத்தவரை மறுத்துப் பேசாத கொரியப் பண்பாடே காரணம் என்று ஓர் அத்தியாயமே எழுதினார். படிக்கச் சுவையாக இருக்கும். ஆனால் 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் எரிபொருள் தீர்ந்து விழுந்த யுனைடெட் 173 விமானத்திலும், தலைமை விமானிக்கு உறைக்கும்படி மற்றவர்கள் சொல்லவில்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான் இளையவர் எதிர்த்துச் சொல்லவும் மூத்தவர் காதுகொடுக்கவும் பயிற்றுவிக்கும் முறை யுனைடெட்டில் 1981இல் தொடங்கியது. பயிற்சி வந்த பின் கொரிய விமானிகளும் மாறினார்கள். பண்பாடு மாறியா அவர்கள் மாறினார்கள்?

அலுவலகங்களில் மாற்றம் இவ்வளவு விரைவாக வரவில்லை. சாவொன், தேரி, குவாஜாங், சாஜாங், பூஜாங் என்று ஏறும் பதவிப் படிகளில், மேலே இருப்பவரைப் பெயர் சொல்லி அழைக்கும் பேச்சே இல்லை. பதவிப் பெயரோடு 'நிம்' என்ற மரியாதை விகுதி சேர்க்க வேண்டும். வேலை முடிந்து நடக்கும் குழு விருந்தில் இளையவர் இரண்டு கையாலும் ஊற்றுவார். மூத்தவர் எதிரில் குடிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார். சிஜே குழுமம் 2000இலேயே எல்லாரும் எல்லாரையும் பெயரோடு 'நிம்' சேர்த்து அழைக்கலாம் என்றது. சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் 2017இல் ஏழு படிகளை நான்காக்கியது. விளிப்பு மாறியது; சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடுபவர் மாறவில்லை.

2014 டிசம்பரில், நியூயார்க்கில் புறப்படவிருந்த கொரியன் ஏர் விமானத்தில், தலைவரின் மூத்த மகள் தனக்கு மெக்கடேமியாக் கொட்டையைத் தட்டில் வைக்காமல் பொட்டலமாகக் கொடுத்ததற்காகப் பணியாளரை மண்டியிட வைத்து, விமானத்தையே வாசலுக்குத் திருப்பச் செய்தார். நாடு கொதித்தது. இதுபோன்ற நிகழ்வுகள் அடுக்கடுக்காக வெளிவந்ததன் விளைவாக, தொழிலாளர் சட்டத்தில் பணியிடத் துன்புறுத்தலைத் தடுக்கும் பிரிவு சேர்ந்து, 2019 ஜூலை 16 முதல் அமலானது. பதவியாலோ உறவாலோ கிடைத்த மேல்நிலையைக் கொண்டு, வேலைக்குத் தேவையான அளவை மீறிப் பிறரை வதைக்கக் கூடாது என்றது அந்தப் பிரிவு.

ஈராண்டில் அதிலும் ஓட்டை தெரிந்தது: முதலாளியின் சொந்தக்காரர்கள். 2021 அக்டோபரில் வந்த திருத்தத்தின்படி, முதலாளியோ அதே இடத்தில் வேலை பார்க்கும் அவருடைய உறவினரோ துன்புறுத்தினால் ஒரு கோடி வொன் வரை அபராதம். யார் உறவினர் என்பதை விதிகள் வரையறுக்கின்றன: கணவன் அல்லது மனைவி, ரத்த உறவில் நான்கு படிவரை, திருமண உறவில் நான்கு படிவரை. பெற்றோர்–பிள்ளை ஒரு படி, உடன்பிறந்தார் இரண்டு, சித்தப்பா மூன்று, சித்தப்பா மகன் நான்கு என்று எண்ணும் இந்தக் கணக்கு, கொரியக் குடும்பங்கள் காலங்காலமாகப் பங்காளி முறையை அளந்துவந்த அதே கணக்கு. ஆனால் இந்தப் பிரிவு ஐந்து பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களுக்குப் பொருந்தாது. முதலாளியும் அவர் மனைவியும் மைத்துனரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் அவைதான்.